இருபத்தைந்தாம் கட்டம்

மரம் செத்துவிட்டதா என்று பார்க்க டாக்டர் வேண்டாம், கட்டைவிரல் நகம் போதும். தரையை ஒட்டிய இடத்தில் கரியைத் துடைத்துவிட்டுப் பட்டையைக் கீற வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பு தெரிந்தால் பேசாமல் அடுத்த மரத்துக்குப் போய்விட வேண்டும். தீ அணைந்த எழுபத்தோராம் நாள் காலையில் என் இரண்டு கட்டைவிரல் நகங்களும் சதைவரை தேய்ந்துபோயிருந்தன. ஒரு ஆணியை வைத்துக் கீறிக்கொண்டிருந்தேன். பழுப்பு, பழுப்பு, பழுப்பு. மரத்தைத் திட்டினேன். மரத்துக்குக் காது கேட்காது என்பதால் உரக்கவே திட்டினேன்.

நான் மரம் அளக்கிறவள். பன்னிரண்டு வருடமாக இதே சரிவில்தான் வேலை. அதற்கும் ஆறு வருடம் முன்னால் இந்தச் சரிவையே மொட்டையடித்து மாடு மேய விட்டிருந்தார்கள். மாட்டுக்குப் புல் போதவில்லை, மண்ணும் சரியத் தொடங்கியது, அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். யாரும் ஒரு கன்றுகூட நடவில்லை. காடு தானாகவே திரும்பி வந்தது. எவ்வளவு வருகிறது, எப்படி வருகிறது என்று பார்ப்பதற்காக நடுவில் நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் இடம் குறித்து, இருபத்தைந்து கட்டங்களாகப் பிரித்தார்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு மரத்திலும் எண் போட்ட அலுமினியத் தகடு அடிக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை நெஞ்சு உயரத்தில் டேப் சுற்றி அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். இந்த இருபத்தைந்து கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் சரிவு முழுக்க இருக்கிறது என்று ஆபீஸ் எடுத்துக்கொள்ளும்.

ஆறு வருடம் முன்னால் ஒரு தீ வந்தது. அன்றைக்கும் அழுதேன். ஆனால் நாற்பது நாளில் கருகிய மரங்களின் அடியிலிருந்து துளிர் கிளம்பியது. வேரில் சேர்த்து வைத்திருந்ததைக் கொண்டு பிழைத்துக்கொண்டன. மூன்று மரத்துக்கு இரண்டு மரம் திரும்பி வந்தது. அந்தத் துளிர்கள் என் தலைக்கு மேல் வளர்ந்து, கொஞ்சம் நிழல் விழுந்து, இனிப் பயமில்லை என்று நினைத்த நேரத்தில் இந்தத் தீ வந்தது. இந்த முறை வேரில் சேமிப்பு எதுவும் இல்லை. போன தடவையே எல்லாம் செலவாகிவிட்டது.

விதி இதுதான். தீ அணைந்த தொண்ணூறாம் நாள், தகடு அடித்த மரங்களில் நானூறு மரத்துக்காவது உயிர் இருக்க வேண்டும். இருந்தால் சரிவு காடாகவே இருக்கும், யாரும் கை வைக்க முடியாது. ஒன்று குறைந்தாலும் 'இனித் தேறாது' என்று எழுதி, காகிதக் கூழுக்கு மரம் வளர்க்கும் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர்களுடைய மஞ்சள் இயந்திரங்கள் இரண்டு, கீழே சாலை வளைவில் ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தன. பிணம் விழுவதற்கு முன்பே வாசலில் பாடை கட்டுகிறவர்களை நான் அப்போதுதான் பார்த்தேன்.

அன்று மாலைக்குள் இருபத்துநாலு கட்டத்தையும் முடித்துவிட்டேன். முந்நூற்று ஐம்பத்திரண்டு. நாற்பத்தெட்டு குறைந்தது.

வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லருகே குந்தி உட்கார்ந்திருந்தார். அவர் தீயணைப்புக் குழுவுக்குத் தண்ணீர் வண்டி ஓட்டுகிறவர். தீ வந்த அன்று வண்டி பாதி மேட்டிலேயே திணறி நின்றுவிட்டது. குழாய் எட்டவில்லை. அதிலிருந்து மனிதர் சரியாகச் சாப்பிடுவதில்லை. கல்லைச் சுற்றி ஏழு பழைய பேசின்களில் எரிந்த இடத்து மண்ணைக் கொண்டுவந்து நிரப்பி, தினமும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். போன தீக்குப் பிறகும் இதையேதான் செய்தோம். அப்போது அந்த மண்ணிலிருந்து இருபத்துமூன்று வகைச் செடி முளைத்தது. துணி காயப்போட இடமில்லாமல் நான் கத்தினேன்.

"ஏதாவது வந்துதா?" என்று கேட்டேன்.

"வந்துருக்கு. வந்து பாரு."

ஏழு பேசினிலும் ஒரே பச்சை. எல்லாமே புல். ஒரு மரக்கன்றின் இரட்டை இலைகூட இல்லை. எரிந்த சரிவு முழுக்க இப்போது ஆளுயரத்துக்கு நிற்கிறதே, அதே புல். அடுத்த கோடையில் தீக்குச்சி கிழிக்காமலே பற்றிக்கொள்ளும்.

"மண்ணுக்குள்ளயும் ஒண்ணும் இல்ல," என்றார் அவர். "அடிவரைக்கும் வெந்துபோச்சு."

"நாப்பத்தெட்டு குறையுது."

"இன்னும் ஒரு கட்டம் பாக்கி இருக்கே? இருவத்தஞ்சு?"

நான் முகம் கழுவப் போனேன். அவர் விடவில்லை, பின்னாலேயே வந்து குளியலறை வாசலில் நின்றார். பதினெட்டு வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவரிடம் எதைத்தான் மறைப்பது? சொல்லிவிட்டேன்.

இருபத்தைந்தாம் கட்டத்தை நான் ஒருநாளும் அளந்ததில்லை.

அது வடகிழக்கு மூலை. ஊற்றுக்கசிவு இருப்பதால் முழங்கால்வரை சேறு. சுற்றிலும் முள். முதல் வருடம் உள்ளே கால் வைத்ததும் குளவிக்கூட்டம் எழுந்து வந்து கொட்டியது. மூன்று நாள் கண்ணைத் திறக்க முடியவில்லை. நான்காம் நாள் ஓரமாக நின்று, தெரிந்த மரங்களை எண்ணினேன். அறுபத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் தோராயமாக ஒரு சுற்றளவு எழுதினேன். அடுத்த வருடம் ஒழுங்காக அளந்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த வருடம் எல்லாவற்றுக்கும் இரண்டு சென்டிமீட்டர் கூட்டிப் போட்டேன். மழை குறைந்த வருடம் ஒன்று கூட்டினேன். முதல் தீக்குப் பிறகும் தூரத்திலிருந்து பச்சையைப் பார்த்துவிட்டு 'உயிர்' என்று எழுதினேன். அன்றைக்குச் சரிபார்க்க வந்தவர் ஜீப்பை விட்டே இறங்கவில்லை. வேறொன்றும் காரணமில்லை, சோம்பல்தான். பயம் மூன்று நாளில் போய்விட்டது, சோம்பல் பன்னிரண்டு வருடம் இருந்தது.

"தகடு?" என்றார் அவர்.

"டிரங்குப் பெட்டில இருக்கு. துணிக்கு அடியில."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், திட்டுவார் என்றும் நினைத்தேன். "நாளைக்குப் போய்ப் பாப்போம்," என்று மட்டும் சொன்னார்.

வெளியிலிருந்து பார்த்தால் அந்த மூலையும் கறுப்பாகத்தான் இருந்தது. முள்வேலி முழுக்கக் கரி. மனசாட்சி உறுத்தியதால் இத்தனை நாளும் அந்தப் பக்கமே போகாமல் இருந்திருக்கிறேன். அவர் அரிவாளால் எரிந்த முள்ளை வெட்டி வழி செய்தார். பத்தடி உள்ளே போனதும் என் செருப்பு சேற்றில் புதைந்தது. ஈரம்! எழுபத்திரண்டு நாளில் நான் முதன்முதலாக மிதித்த ஈரம் அது. நிமிர்ந்து பார்த்தேன்.

எதுவும் எரியவில்லை. மரங்கள் நின்றுகொண்டிருந்தன. அடிமரத்தில் பாசி, மேலே கொடி, அதற்கும் மேலே காய். கீழே கால் வைக்க இடமில்லாமல் கன்றுகள். ஒரு பறவை எங்களைப் பார்த்துக் கத்திவிட்டு எரிந்த பக்கமாகப் பறந்தது. அவர் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாணத்தன்றுகூட அந்த மனிதர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தைப் பார்த்ததில்லை.

"அறுபத்தொண்ணு," என்றார். "முந்நூத்தி அம்பத்திரண்டும் அறுபத்தொண்ணும்... நானூத்திப் பதிமூணு! ஏய், பாஸ் ஆயிட்டோம்!"

நான் அப்போது வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டிய வழியாகத் திரும்பி எரிந்த பக்கத்தைப் பார்த்தால், கறுப்பு ஒரே மாதிரி இல்லை. வரிவரியாக இருந்தது. நான் வருடாவருடம் டேப் பிடித்துப் போவதற்காக அரிவாளால் துப்புரவு செய்து வைத்திருந்த அளவுத் தடங்கள் எங்கெல்லாம் ஓடினவோ, அங்கெல்லாம்தான் மரம் அடியோடு வெந்திருந்தது. கட்டத்துக்குக் கட்டம் தடம். அந்தத் தடத்தில் வெயில் விழுந்தது, வெயிலில் புல் வந்தது, காய்ந்த புல்லைப் பிடித்துக்கொண்டு தீ உள்ளே வந்தது. ஒவ்வொரு மரத்திடமும் தீயைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனதுபோல நானே வழி போட்டுக் கொடுத்திருக்கிறேன். நான் ஒழுங்காக வேலை பார்த்த இருபத்துநாலு கட்டமும் எரிந்தது. ஏமாற்றிய ஒரு கட்டம் பிழைத்தது. இதை யாரிடம் சொல்லி அழுவது?

அவரிடம் சொன்னேன். "ஊத்து இருந்ததால தப்பிச்சுது," என்றார். "உன்னால இல்ல." ஆனால் அவர் கண் தடங்களைத்தான் பார்த்தது.

"ஆபீஸ்ல சொல்லிடலாமா?" என்று கேட்டேன்.

"என்னன்னு? பன்னண்டு வருஷமா பொய் எழுதினேன்னா? அப்புறம் மத்த இருவத்துநாலு கட்டத்த மட்டும் நம்புவாங்களா? பதிவேட்டையே தூக்கிக் கடாசிடுவாங்க. தகட்ட அடிச்சிரு. மரம் இருக்கு, உயிர் இருக்கு. தகடு ஒண்ணுதான இல்ல?"

மரம் இருக்கிறது, உயிர் இருக்கிறது என்பது உண்மைதானே. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆணிக்கு நான் வழி கண்டுபிடித்தேன். புது ஆணி அடித்தால் மாட்டிக்கொள்வோம். செத்த மரங்களிலிருந்து துருப்பிடித்த பழைய ஆணிகளைப் பிடுங்கி வந்தேன். மரம் வளரும்போது பட்டை ஆணியை விழுங்கும் என்பதால், தலை தெரியாத அளவுக்கு ஆழமாக அடிக்கத் திட்டமிட்டேன். தகட்டுக்கு அவர் வழி கண்டுபிடித்தார். டிரங்குப் பெட்டிக்குள் பன்னிரண்டு வருடம் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்த தகடுகள் கண்ணைப் பறித்தன. அவர் அடுப்பில் ஈரவிறகை வைத்துப் புகை கிளப்பி, ஒரு கம்பியில் தகடுகளைக் கோத்து அதன்மேல் தொங்கவிட்டார். வீடு முழுக்கப் புகை. இருமிக்கொண்டே ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிக் காட்டினார். பிறகு ஒரு ஓரத்தை லேசாகச் சுட்டு வளைத்தார். நெருப்போடேயே பிழைப்பு நடத்துகிறவர், எரிந்த தகடு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? எண் மட்டும் படிக்கும்படி கட்டைவிரலால் தேய்த்து என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கிப் பார்த்தேன். எழுபது நாளுக்கு மேலாக நான் பார்த்துக்கொண்டிருந்த தகடுகள் எல்லாமே இப்படித்தான் இருந்தன. அச்சு அசல்.

"கை தேர்ந்த ஆளுதான் நீங்க," என்று சொன்னேன். நெடுநாளைக்குப் பிறகு இருவரும் சிரித்தோம்.

தொண்ணூறாம் நாள் சரிபார்ப்பவர் வந்தார். பழைய ஆள் ஓய்வு பெற்றுவிட்டார். இவர் புதியவர், சட்டைப்பையில் எப்போதும் ஒரு லென்ஸ் வைத்திருப்பதால் ஆபீஸில் எல்லோரும் அவரைப் பூதக்கண்ணாடி என்பார்கள். ஒல்லியான மனிதர். ஜீப்பைக் கீழேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். ஒவ்வொரு மரத்துக்கும் தானே குனிந்தார், தானே கீறினார். நான் செத்தது என்று எழுதிய மரங்களையும் விடவில்லை. எட்டாம் கட்டத்தில் நான் தவறவிட்ட ஒரு சின்னத் துளிரைக் கண்டுபிடித்து, "இதயும் சேத்துக்கங்கம்மா, பாவம்," என்றார். முந்நூற்று ஐம்பத்து மூன்று. காடு பிழைக்க வேண்டும் என்று அவருக்கும் ஆசை இருந்தது. அது எனக்கு அப்போதே தெரிந்தது, இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

இருபத்தைந்தாம் கட்டத்துக்குள் நுழைந்ததும் அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். கீழே இருந்த கன்றுகளை மிதிக்காமல் ஒரு காலில் நின்று, மறுகாலை எங்கே வைப்பது என்று தேடினார்.

"அம்மா, இது ஒண்ணு போதும்மா," என்றார். "இந்த மூலையிலேருந்து விதை போகும். பறவை கொண்டுபோகும். புல்ல மட்டும் அடக்கிட்டா, பத்து வருஷத்துல..."

பேசிக்கொண்டே பக்கத்து மரத்தின் தகட்டைப் பிடித்து எண்ணைப் படித்தார். விரலை எடுத்துப் பார்த்தார். விரலில் கரி. மறுபடி தகட்டைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். தகட்டுக்கு மேலே ஒரு விரல்கடை தூரத்தில் ஈரப்பாசி பச்சைப் பசேலென்று இருந்தது. லென்ஸை எடுக்கவே இல்லை, அதற்கு அவசியமில்லை.

அடுத்த மரத்துக்குப் போனார். அங்கேயும் கரி. அதற்கடுத்த மரத்திலும்.

"மரம் எரியல," என்றார் மெதுவாக. "தகடு மட்டும் எரிஞ்சிருக்கு."

கூடவே வந்து என் பின்னால் நின்ற வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். கறுத்த தகட்டையே பார்த்துப் பார்த்து, தகடு என்றாலே கறுப்பாகத்தான் இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஆகிவிட்டிருந்தது. ஊரில் ஒரு குழந்தையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும்.

எல்லாவற்றையும் சொன்னேன். குளவி, சோம்பல், இரண்டு சென்டிமீட்டர், டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சொல்லி முடிக்கும்போது அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"தகடு பொய் சார். மரம் பொய்யில்ல. நீங்களே தொட்டுப் பாருங்க. என்னை வேலையவிட்டுத் தூக்குங்க, ஜெயில்ல போடுங்க. இத மட்டும் எண்ணிடுங்க."

"மத்த இருபத்துநாலு கட்டம்?"

"சத்தியமா அளந்தேன் சார். ஒவ்வொரு மரமும் அளந்தேன்."

"உங்க சத்தியத்த நான் எந்தப் பத்தியிலம்மா எழுதுறது?" அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "ஒரு கட்டம் கற்பனைன்னா பதிவேடே கற்பனைன்னுதான் மேல சொல்லுவாங்க. கம்பெனிக்காரன் வக்கீலோட உக்காந்திருக்கான். முன்னாடி நாளே வந்து, 'சார், இந்த மூலைய நான் அளக்கல, தப்பு என்னுதுதான், ஆனா உயிரோட இருக்கு'ன்னு சொல்லியிருந்தா, நானே இங்க உக்காந்து புதுசா அளந்திருப்பேன். விடுபட்ட கட்டம்னு ஒரு வரி. திட்டு வாங்கியிருப்பீங்க. அவ்வளவுதான்."

"இப்ப எழுதுங்க சார், அந்த ஒரு வரிய."

"இப்ப எப்படிம்மா எழுத முடியும்? பொய்த் தகடு ஏறிடுச்சே."

அவர் தகடு ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொண்டார். போகும்போதும் கன்றுகளை மிதிக்காமல்தான் போனார். என் வீட்டுக்காரர் ஜீப்வரை அவர் பின்னாலேயே ஓடினார். என்ன கெஞ்சினாரோ தெரியாது. திரும்பி வந்தபோது அவர் முழங்காலில் மண் ஒட்டியிருந்தது.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் உத்தரவு வந்தது. பதிவேடு நம்பத்தக்கதல்ல, சரிவு இனித் தேறாது, திங்கட்கிழமை முதல் துப்புரவுப் பணி. எனக்குத் தனியாக ஒரு கடிதம் இருந்தது, அதை நான் பிரிக்கவில்லை. பின்பக்கம் போய் ஏழு பேசினையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். அவர் தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் டேப்பை எடுத்தேன். ஆபீஸ் டேப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால், வீட்டில் துணி தைக்க வைத்திருந்த டேப். "எங்க?" என்று வீட்டுக்காரர் கேட்டார். சொன்னேன். ஒரு பள்ளிக்கூட நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

நாங்கள் வெட்டிய வழியாகப் பாசியில் ஏற்கெனவே வெயில் விழத் தொடங்கியிருந்தது. குளவிக்கூடு அதே இடத்தில்தான் இருந்தது. இரண்டு கொட்டியது. பொறுத்துக்கொண்டேன். முதல் மரத்தை நெஞ்சு உயரத்தில் சுற்றினேன். டேப்பின் நுனி வந்து சேரும் இடத்தில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, தப்பாகப் பிடித்துவிட்டேனோ என்று மறுபடி சுற்றினேன். பதிவேட்டில் இந்த மரத்துக்கு ஐம்பத்திரண்டு என்று எழுதியிருந்தேன். ஒவ்வொரு எண்ணும் எனக்கு மனப்பாடம், நான் இட்டுக்கட்டியவைதானே.

"எவ்வளவு?" என்றார்.

"தொண்ணூத்தொண்ணு."

அவர் பேனாவை நோட்டில் வைத்தபடியே என்னைப் பார்த்தார். இரண்டாவது மரம் எண்பத்தாறு. மூன்றாவது நூற்றுநாலு. பன்னிரண்டு வருடமாக நான் எழுதிய பொய்யைவிட வேகமாக அவை வளர்ந்திருந்தன. ஓரத்தில் நின்று எண்ணியதில் தெரியாத மரங்களும் நிறைய இருந்தன. மத்தியானத்துக்குள் எழுபதைத் தாண்டிவிட்டோம். எனக்கு அழுகை வந்ததால் டேப்பில் எண் தெரியவில்லை, அவர் வந்து படித்தார்.

மொத்தம் எண்பத்துநாலு மரம். கடைசி மரத்தை எழுதி முடித்தபோது, கீழே சாலை வளைவில் மஞ்சள் இயந்திரம் ஒன்றை யாரோ கிளப்பிப் பார்த்தார்கள். சத்தம் மேலேவரை வந்து நின்றது. அவர் நோட்டை மூடப் போனார்.

"தேதி போடுங்க," என்றேன்.

போட்டார்.